76 பெரிதா? 59 பெரிதா?



இரண்டாவது உள்தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். கணிதத்தில் 76, பொருள் வலிமையியலில் 59. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பாடத்தின் பெயர் தெரியாது, எண் தெரியும். "76 சரி, இது என்னப்பா 59? படிக்கலையா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் கம்ப்யூட்டர் லேபில் கிடைத்தது. வகுப்பு மதிப்பெண் முழுவதையும் ஏற்றிப் பார்த்தேன். கணிதத்தில் சராசரி 72, திட்ட விலக்கம் 8. பொருள் வலிமையியலில் சராசரி 41, திட்ட விலக்கம் 9. நம் மதிப்பெண்ணில் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவதுதான் இசட் ஸ்கோர். கணிதத்தில் எனக்கு 0.5, மற்றதில் 2. ஆக, திட்டு வாங்கிய 59தான் பெரிது!

ஆனால் நண்பர்களே, பட்டனைத் தட்டினால் விடை வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. 40, 50, 60, 70, 80 என்ற ஐந்து எண்களை எடுங்கள். சராசரி 60. 80-க்கு இசட் ஸ்கோர் எவ்வளவு? எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளும், 'ஆர்' மொழியின் ஸ்கேல் கட்டளையும் 1.26 என்கின்றன. பைத்தானில் சைக்கிட்-லேர்ன் 1.41 என்கிறது. எது பொய்? எதுவும் பொய் இல்லை! திட்ட விலக்கம் காணும்போது முன்னவை 4-ஆல் வகுக்கின்றன, பின்னது 5-ஆல் வகுக்கிறது. கையில் இருப்பது முழு வகுப்பு என்றால் 5. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் 4. எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளையே உண்டு. எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியே இசட் ஸ்கோரை வைத்துத்தான். 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தார், புதிய பாடத்திட்டத்தார் என இரு சாரார் எழுதினார்கள். இருவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அது செல்லாது, தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று 2012 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழித்தலும் வகுத்தலும் சரிதான், கூட்டம்தான் தவறு. அதற்குள் எத்தனை பிள்ளைகள் தவித்திருப்பார்கள்!

ஒன்றையும் மறைக்க மாட்டேன். இசட் ஸ்கோர் 2 வந்ததால் நான் பாடத்தில் புலி ஆகிவிடவில்லை. தவறவிட்ட 41 மதிப்பெண் தவறவிட்டதுதான். கூட்டத்தில் எங்கே நிற்கிறேன் என்பதை மட்டுமே அது சொல்லும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எனவே இரண்டு வேண்டுகோள். லேபில் மென்பொருளைத் திறக்கும் முன் ஐந்து எண்களுக்காவது கையால் கணக்குப் போட்டுப் பழகுவோம். அடுத்து, நோட்டீஸ் போர்டில் மதிப்பெண் ஒட்டும்போது, கீழே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எழுதும்படி ஆசிரியர்களை நம் பேரவை கேட்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "வகுப்புச் சராசரியே 41தான்ப்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?" என்றார்.

அன்றைக்கு எனக்கே தெரியாதே, நண்பர்களே!