கப்பலின் விலாவில் ஒரு கோடு

லண்டனில் ஒரு பழைய சரக்குக் கப்பலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெயர் ராபின். தேம்ஸ் நதிக்கரையில் பிளாக்வால் என்ற இடத்தில் 1890-ம் ஆண்டு கட்டப்பட்ட நீராவிக் கப்பல். நீளம் சுமார் 143 அடி. கரையை ஒட்டித் துறைமுகத்துக்குத் துறைமுகம் சுமை ஏற்றித் திரிந்த வண்டிமாடு என்றே சொல்லலாம். தானியம், இரும்புத் தாது, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரம் என்று கிடைத்ததையெல்லாம் சுமந்தது. 1900-ல் ஸ்பெயின் முதலாளிகளிடம் கைமாறி ‘மரியா’ ஆயிற்று. முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு சர்க்காருக்காக இரும்புப் பாளங்கள் ஏற்றியது. 1974-ல் உடைத்துப் பழைய இரும்பாக விற்கவிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் அறக்கட்டளை ஒன்று வாங்கி லண்டனுக்கு மீட்டு வந்தது.

84 வருஷ உழைப்பு! நல்ல இரும்பு, நல்ல எஞ்சின் என்று மெச்சுகிறார்கள். நாமும் மெச்சுகிறோம். ஆனால் இரும்பு தானாக நகராது. கீழே உலைவாயில் நிலக்கரி வாரிப் போட்டவன் பயர்மேன். பாய்லர் அருகே நின்ற மில் தொழிலாளிக்கு அந்த அனலை நாம் விளக்க வேண்டியதில்லை. அங்கே காலடியில் தரையும் ஆடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராபினுக்கு மேல்வேலைகள் நடந்தது ஈஸ்ட் இந்தியா டாக்கில். அதற்கு ஓராண்டு முன்பு, 1889 ஆகஸ்டில், பக்கத்து வெஸ்ட் இந்தியா டாக்கில் மூண்ட வேலைநிறுத்தம் லண்டன் துறைமுகத்தையே முடக்கியது. அதுவரை காலைதோறும் தொழிலாளர்கள் வாசலில் முண்டியடித்து நிற்பார்கள். மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. நடவுக்கு ஆள் எடுக்கும்போது வரப்பில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் இதை அறிவார்கள். அவர்கள் கேட்டது என்ன? மணிக்கு 5 பென்னியை 6 ஆக்கு. கூப்பிட்டால் 4 மணி நேர வேலையாவது கொடு. ஒரே ஒரு பென்னி! அதற்காக ஐந்து வாரம் போராடினார்கள். பசி நெருக்கிய வேளையில் ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 30,000 பவுன் வந்து சேர்ந்தது. வென்றார்கள்.

இன்னொன்று, கப்பலின் விலாவில் போடும் பாரக் கோடு. அதற்கு மேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக் கூடாது. முன்னே முதலாளிகள் இன்ஷூரன்ஸை நம்பி, ஓட்டைக் கப்பல்களில் அளவுமீறி ஏற்றிக் கடலுக்கு அனுப்பினர். ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே அவற்றுக்குப் பெயர். சாமுவேல் பிளிம்சால் பாராளுமன்றத்தில் மல்லுக்கு நின்றதால் 1876-ல் சட்டம் வந்தது. என்ன சட்டம்! கோடு போடு என்றது. எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டது. ஒருவன் புகைபோக்கியில் போட்டான் என்று ஒரு கதை உண்டு. கோட்டின் இடத்தைச் சட்டமே நிர்ணயித்தது ராபின் பிறந்த அதே 1890-ல்தான்.

அதோடு முடிந்ததா? 1906-ல் பிரிட்டிஷ் சர்க்கார் கணக்கைத் திருத்தி, இன்னும் ஆழமாகப் பாரம் ஏற்ற அனுமதித்தது. மாலுமியின் உயிர் முன்போலவேதான் இருந்தது. கோடு மட்டும் மேலே ஏறியது.

இங்கே 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது நமக்கு இந்தக் கோடுதான் நினைவுக்கு வந்தது. சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று சர்க்கார் அதை வாபஸ் வாங்கியதாக அறிவித்தது.