தறியில் உட்காருமுன் சாப்பிடுங்கள்

தூக்கம் வரவில்லை, மனசு கனமாக இருக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். சாப்பாட்டு யோசனைகள் வந்து குவிகின்றன. பாதாம், டார்க் சாக்லேட், சியா விதை, அவகாடோ. இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு எங்கள் ஐயம்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டு மருமகள் கேட்டாள்: "பெரியம்மா, இந்த அவகாடோ வாலாஜாபாத்துல கிடைக்குமா?" கிடைத்தாலும் வாங்காதே என்றேன். அந்த வீட்டில் இல்லாதது அவகாடோ அல்ல, காலைச் சாப்பாடு.

நான் பிறந்த வீடும் புகுந்த வீடும் தறி வீடுதான். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனவே தறிக்காரர் வயிற்றையும் பிள்ளைகள் வயிற்றையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விடிவதற்குள் தூக்கில் டீ வந்துவிடும். அதைக் குடித்துவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கினால் வெயில் ஏறும்வரை எழுந்திருப்பதில்லை. கோர்வைப் புடவை என்றால் கரை நாடா தள்ள இன்னொரு ஆளும் வேண்டும். ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார்த்தினார்கள். இப்போது பெரும்பாலும் மனைவி. ஆக, இருவர் வயிறும் காலி. பசித்தால் டீ, இழை அறுந்து கடுப்பானால் டீ, சாயங்காலம் தலை வலித்தால் டீ. புடவையை முடித்துக் கொடுக்கவேண்டிய அவசரத்தில் ராத்திரிச் சோறும் தள்ளிப்போகும். படுத்தால் கண் மூடாது. பாவுக்குக் கஞ்சி ஏற்றாமல் எந்தத் தறிக்காரரும் நெய்ய உட்காருவதில்லை. தன் வயிற்றுக்கு மட்டும் கஞ்சி இல்லாமல் உட்காருகிறார்.

டீயை நான் பகைக்கவில்லை. ஆனால் அது செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும். களைத்துவிட்டாய் என்று மூளைக்குச் சொல்கிற அடினோசின் என்ற பொருளை டீயிலுள்ள கஃபீன் மறித்துவிடுகிறது. களைப்பு போவதில்லை, தெரியாமல் போகிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. ஒரு கிளாஸ் டீயில் அவ்வளவு கிடையாது; நாள் முழுக்கக் குடிக்கிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பெண்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. "எப்பப் பாரு சிடுசிடுன்னு இருக்கா" என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகளில், அவள் கண் இமையைக் கீழே இழுத்து வெளுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, காலையில் என்ன சாப்பிடுவது? பழைய சோறுதான் என் முதல் பதில். ராத்திரி மிஞ்சிய சோறு ஆறியதும் மண்சட்டியில் போட்டு, சோறு மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். காலையில் லேசாகப் புளித்த வாசம் வரும். நீர் மங்கலாக இருக்கும். கொழகொழவென்று நூல் விட்டாலோ, நாற்றம் மாறினாலோ கொட்டிவிடுங்கள். கல் உப்பு போட்டுக் கையால் பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நாலு கடித்துக்கொண்டால் போதும். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியின் மாவும் புளிக்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் அது மணிக்கணக்கில் வேகும்போது புளிக்கவைத்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். பழைய சோற்றை மறுபடி அடுப்பேற்றுவதில்லை. அவை உயிரோடு குடலுக்குள் போகின்றன. குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் இப்போது தீவிரமாகப் பார்த்துவருகிறார்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற பொருளில் பெரும்பங்கு குடலில் சுரக்கிறது என்பது உண்மை. அது நேரே மூளைக்கு ஏறிச் சந்தோஷம் தரும் என்று பரப்புவது பொய்; ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழைய முடியாது.

சர்க்கரை உள்ளவர்கள் சோற்றின் அளவைக் குறைத்து, ஒரு கை சுண்டலையோ வேர்க்கடலையையோ சேர்த்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் கூழை ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும்போது மட்டும்தான் குடிக்க வேண்டுமா? கூடச் சேர்த்துக்கொள்ள முருங்கைக்கீரை பல வீடுகளில் கொல்லையிலேயே நிற்கிறது. தூக்கத்துக்குப் பால் என்பார்கள்; ராத்திரி ஒரு டம்ளர் பாலில் இருக்கும் டிரிப்டோஃபேன் என்ற பொருள் தூங்கவைக்கும் அளவுக்குப் போதாது. நேரத்தோடு சாப்பிட்டு, பால் குடித்து, விளக்கணைக்கும் பழக்கம்தான் உதவும்.

சாப்பாட்டைத் திருத்தினால் மனசு தேறுமா என்று பார்த்து ஆஸ்திரேலியாவில் ஃபெலீஸ் ஜாக்கா குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு நோயுள்ள 67 பேர் பங்கேற்றார்கள். 12 வாரம் காய், பயறு, முழுத்தானியம், மீன் என்று சாப்பாட்டைத் திருத்தியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோய்நிலையிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் மீண்டது 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். அதிலும் மாறியது மொத்தச் சாப்பாடு. ஏதோ ஒரு விதையோ பழமோ அல்ல.

கடனைச் சோறு அடைக்காது. பட்டும் ஜரிகையும் விலை ஏறுவதையும், மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்பதையும் கேழ்வரகு மாற்றாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் சமையலறையில் மருந்து தேடாதீர்கள். டெலி மானஸ் 14416-க்கு இலவசமாகப் பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் வெறும் வயிறு எல்லாக் கவலையையும் பெரிதாக்கிவிடும். என் மையத்தில் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் சண்டைபோடும், இல்லையென்றால் சுருண்டு படுக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளை பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுகிறது. பெற்றவர்கள் இன்னும் டீயில் நிற்கிறார்கள். ஊர்ப்புறங்களில் அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். அதே குழுக்களிடம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காலையில் ஒரு பானைக் கூழும் சுண்டலும் ஏற்பாடு செய்து, அடக்க விலைக்குத் தறி வீடுகளுக்குக் கொடுக்கலாம். சங்க உறுப்பினர்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தில் கூலி உயர்வோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். நெசவாளர் மருத்துவ முகாம்களில் கண்ணும் முதுகும் பார்க்கிற டாக்டர்கள், துணைக்கு உட்காரும் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்யட்டும்.