இனிக்காத திராட்சை ரசம்

திராட்சை மது என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அதைப் பருகும்படி யாரையும் சொல்ல வரவில்லை. தினமும் இட்லி மாவைப் புளிக்க வைக்கிறவர்களுக்கு இந்தச் சமாசாரம் சுலபமாகப் புரியும் என்றுதான் சொல்லுகிறேன்.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று சாராயமாக மாற்றுகிறது. பாதியில் நிறுத்தினால் இனிப்பு மிஞ்சும். முழுக்கப் புளிக்க விட்டால் இனிப்பு அநேகமாக அற்றுப்போகும். இப்படி இனிக்காத வெள்ளை மதுவுக்குப் பேர்போன இடம், ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரையிலுள்ள வாகாவ் பள்ளத்தாக்கு.

மணவூர்ப் பக்கத்து வாசகிகளுக்குத் திருத்தணி மலைப்படிகள் நன்றாகத் தெரியும். வாகாவில் மலைச்சரிவையே படிப்படியாக வெட்டி, சுண்ணாம்புக் காரை இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி! பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. அந்தச் சுவர்களில் பச்சைப் பல்லிகள் குளிர் காயும். நாம் பல்லி சொன்னால் பலன் பார்க்கிறோம். அவர்களோ நன்கு கனிந்த பழத்தில் செய்த மதுவுக்கே அந்தப் பல்லியின் பெயரை வைத்துவிட்டார்கள். 'ஸ்மராக்ட்' என்பது அது. மரகதம் என்று பொருள்.

ஆனால் 1985-ம் வருஷம் ஆஸ்திரியாவுக்குப் பெரிய தலைகுனிவு வந்தது. மேற்கு ஜெர்மனியில் இனிப்பு மதுவுக்குக் கிராக்கி அதிகம். நன்றாக இனித்தால் நல்ல விலை என்று மது வியாபாரிகள் சிலர் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டதும் ஏற்றுமதி படுத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத குடியானவர்களின் சரக்கையும் யாரும் சீண்டவில்லை. அதே வருஷம் கடுமையான சட்டம் வந்தது. நேர்மையான இனிக்காத மதுவைக் கொண்டே இழந்த பெயரை அவர்கள் மெல்ல மெல்ல மீட்டார்கள்.

நமக்கும் ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கு உண்டு. தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கம்பம்தான் அது. அங்கே விளையும் கறுத்த பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லுகிறார்கள். வாகாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே இல்லை! பந்தலில் கிளையைக் கவாத்து செய்த நாலு மாதத்தில் பழம் வந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் வருஷம் முழுவதும் எங்காவது அறுவடை நடக்கிறது.

அவர்கள் பழத்தை மதுவாக்கிப் பல வருஷம் வைத்திருந்து விற்கலாம். நம் விவசாயியின் பழம் சில நாள் கூடத் தாங்காது. வரத்து மிகுந்தால் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அவருக்குள்ள பெரிய சொத்து ஊரின் பெயர். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் வாங்குகிற நமக்கும் பங்கு இல்லையா?

ஆகையால் கடையில் "எந்த ஊர்ப் பழம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காம்பு பச்சையாக இருந்தால் புதுப் பழம். மேலே படிந்திருக்கும் வெண்பொடி பெரும்பாலும் பழத்துக்கு இயற்கையான மெழுகுதான். இருந்தாலும் நன்றாகக் கழுவிவிட்டே குழந்தைகளுக்குக் கொடுங்கள். திராட்சைப் படம் போட்ட பானம் வாங்கினால், பாட்டிலைத் திருப்பி, சாறு எத்தனை சதவிகிதம், சர்க்கரை எவ்வளவு என்று வாசித்துப் பாருங்கள். விதை இருக்கிறதே என்று பன்னீர் திராட்சையை ஒதுக்கவும் வேண்டாம். அதன் இனிப்பு கொடியிலேயே ஊறியது. யாரும் கலந்தது அல்ல.