பாலையாவுக்கு இடமில்லாத வரலாறு

தமிழ் சினிமாவின் வரலாற்றை நாம் நாயகர்களின் பட்டியலாகவே எழுதி வருகிறோம். பாகவதர் காலம், எம்.ஜி.ஆர். - சிவாஜி காலம், ரஜினி - கமல் காலம் என்று பிரித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டதாக ஒரு நிம்மதி. இந்தக் கணக்கில் டி.எஸ்.பாலையாவை எங்கே வைப்பது? 1937இல் வந்த ‘அம்பிகாபதி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதரை எதிர்த்து நின்ற வில்லன் அவர். 1956இல் ‘மதுரை வீரன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கு எதிரியான நரசப்பன் அவர். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்த முத்துராக்குவும் அவரே. இரண்டு தலைமுறை நாயகர்களுக்கு ஈடுகொடுத்த ஒருவருக்கு, எந்தக் காலத்திலும் தனியிடம் ஒதுக்கப்படவில்லை. இதை அவருக்கு நேர்ந்த அநீதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாயகர்களை வைத்தே வரலாறு எழுதினால், நடிப்பு என்னும் கலை நம்மிடம் எப்படி வளர்ந்தது என்ற கதையே விடுபட்டுப்போகும் என்பதுதான் பெரிய இழப்பு.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ 1936இல் வெளியானது. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்றே அதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறிய காவல்துறை அதிகாரி வேடம். கதையை நகர்த்தும் வில்லனாக அறிமுகமானவர், நாடக மேடையிலிருந்து வந்திருந்த பாலையா. வில்லன் என்ற முத்திரை அதோடு விழுந்துவிட்டது. அந்த முத்திரையிலேயே தேங்கிப்போன நடிகர்கள் பலர் உண்டு. பாலையாவோ 1949இல் அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’யில், பழிவாங்கத் துடிக்கும் நண்பனுக்கு அறிவை ஆயுதமாக்கிக் கொடுக்கும் மணியாக வந்தார். பகுத்தறிவுப் பிரச்சாரம் என்று பெயரெடுத்த அந்தப் படத்தில், கருத்தின் பாரத்தைச் சுமந்து நின்றது கே.ஆர்.ராமசாமியின் ஆனந்தன் மட்டுமல்ல, இந்த மணியும்தான். பத்து ஆண்டுகள் கழித்து, பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யில் மனைவி சொல்லுக்கும் தம்பி பாசத்துக்கும் நடுவே சிக்கித் தவிக்கும் அண்ணன் ஆனார். வில்லன், அறிவுரைக்கும் நண்பன், தளர்ந்த குடும்பத் தலைவன் என்று ஒருவரே மாறிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் எந்த வேடத்தையும் சந்தேகிக்கவில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒப்பனையாலும் குரலை மாற்றிப் பேசுவதாலும் மட்டும் அல்ல. எந்த மனிதனை எடுத்துக்கொண்டாலும், அவனுடைய பலத்துக்குள் ஒளிந்திருக்கும் பலவீனத்தைக் கண்டுபிடிப்பதே பாலையாவின் வழி. ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) இதற்குத் தெளிவான சான்று. அவையில் பாடும் ஹேமநாத பாகவதருக்குக் குரல் தந்தவர் பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் அந்தச் சங்கீதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கர்வம் முழுக்க முழுக்க பாலையாவுடையது. தலையசைப்பிலும் கையை வீசும் விதத்திலும், கேட்பவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்பது தெரிகிறது. பிறகு இரவில், ஒரு விறகுவெட்டியின் பாட்டு அவர் காதில் விழுகிறது. தன்னை எதிர்த்துப் பாடவேண்டிய பாணபத்திரர் சீடனாகக்கூட ஏற்காத ஒருவனே இப்படிப் பாடுகிறான் என்றால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்று நடுங்கி, ஊரை விட்டே போகிறார். அந்தக் கர்வமும் இந்தப் பயமும் வேறு வேறல்ல என்று அந்த முகம் சொல்லிவிடுகிறது. அத்தியாயத்தின் முதல் பாதியில் பாலையா அவ்வளவு உயரத்தில் ஏறி நிற்காவிட்டால், இறைவனே விறகுவெட்டியாக இறங்கி வந்து பாடவேண்டிய தேவை என்ன என்று ரசிகனுக்குத் தோன்றியிருக்கும். நாயகனின் உயரத்தை நிர்ணயிப்பவர் எதிரே நிற்பவர்தான்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. பாலையாவின் நடிப்பு மேடைத்தனம் கொண்டது, சத்தமானது. 1960களில் அவர் திரும்பத் திரும்பப் பணக்கார அப்பாவாகவே வந்தார் என்பார்கள். மேடையின் சாயல் அவரிடம் கடைசிவரை இருந்தது உண்மை. ஆனால் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் அப்பாவுக்குப் படக்கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். பேச்சும் ஓசையும் பெரும்பாலும் நாகேஷுடையவை. பாலையாவின் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து பயப்படுவது ஒன்றுதான். சத்தம் மட்டுமே தெரிந்த நடிகரால் அந்தக் காட்சியைத் தாங்கியிருக்க முடியாது. கேட்கிறவர் நம்பியதால்தான் சொல்கிறவரின் குறும்பு நமக்குச் சிரிப்பானது. அப்பா வேடங்களும் ஒன்றுபோல் இருந்துவிடவில்லை. அதே படத்தில், வேலையை விட்டுத் துரத்திய இளைஞனையே கோடீஸ்வரரின் மகன் என்று நம்பிக் குழைகிற அப்பா விசுவநாதன் ஒரு ரகம். பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) படத்தில், பகட்டுக்குக் கடன் வாங்கும் மகன்களையும் மருமகள்களையும் வழிக்குக் கொண்டுவரும் கண்டிப்பான எதிராஜ் வேறு ரகம். ஒருவர் பணத்தின் முன் குனிகிறார், மற்றவர் பகட்டின் முன் நிமிர்கிறார். இரண்டையும் ‘அப்பா வேடம்’ என்று ஒரே கட்டில் கட்டுவது நம் சோம்பல்.

இன்னொரு வாதம் வணிகம் சார்ந்தது: கூட்டம் வருவது நாயகனுக்காக, எனவே வரலாறும் அவனைச் சுற்றித்தான் எழுதப்படும் என்பது. டிக்கெட் விற்பனைக்கு இது சரி. ஆனால் முதல் வாரக் கூட்டம் கலைந்து அறுபது ஆண்டுகள் போன பிறகும் மக்கள் எதைத் தேடிப் பார்க்கிறார்கள் என்பது வேறு அளவுகோல். ‘காதலிக்க நேரமில்லை’யில் ரவிச்சந்திரன் அப்போது புதுமுகம், இன்று அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கதை சொல்லும் காட்சி. அதன் பெருமை எழுதியவர்களுக்கும் இயக்கியவருக்கும் உரியது என்றால் மறுப்பில்லை. அதே நியாயத்தை நாயகர்களுக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும் என்பதுதான் கேட்பது.

அங்கீகாரமும் தாமதமாகவே விழித்தது. தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கென்று தனிப்பிரிவு வந்ததே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். பாலையா 1972லேயே மறைந்துவிட்டார். அவருக்குப் பொருத்தமான போட்டியே அவர் வாழ்ந்தபோது நடக்கவில்லை. விருதை இனிக் கொடுக்க முடியாது, படிப்பைக் கொடுக்கலாம். சென்னையில் அரசே நடத்தும் திரைப்படக் கல்லூரியில் ஹேமநாத பாகவதரும் முத்துராக்குவும் காட்சி காட்சியாகப் பாடமாக வேண்டும். பாலையா, ரங்காராவ், சுப்பையா, மனோரமா போன்றோரின் நடிப்பைப் பற்றித் தனித்தனியே விரிவான ஆய்வு நூல்கள் வரவேண்டும். வேற்றுமொழி நடிகரின் முகமும் இன்னொருவரின் குரலும் சேர்ந்து ஒரு பாத்திரம் ஆகிற இன்றைய வழக்கத்தில், முகமும் குரலும் பேச்சுவழக்கும் ஒரே உடலில் சேர்ந்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை இளம் இயக்குநர்கள் தெரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த வழி இல்லை. நாயகர்களுக்குச் சிலைகள் போதுமான அளவு வைத்தாகிவிட்டது. இனி அவர்களை உயர்த்தி நிறுத்தியவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குவோம்.