நான்காம் ஆண்டில் பெட்டியைத் திறப்பவர் யார்?

ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள் வரவிருக்கும் வெள்ளிக்கிழமைத் தள்ளுபடிகளின் விளம்பரங்கள் வீடுதோறும் வந்து குவியத் தொடங்கும் வேளையில், நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விவாதம் ஆண்டுதோறும் எழுவதை நான் கண்டுவருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, மேஜைக் கணினி ஒன்றைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறது. தகப்பனாரோ, பெரிய ஸ்தாபனம் ஒன்று முழுமையாகத் தயாரித்து அனுப்பும் யந்திரத்தை வாங்கிவிட்டால் கவலை விட்டதென்று கருதுகிறார். இருவரும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து விலைகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள். எந்தத் தொகை குறைவோ அந்தப் பக்கம் தீர்ப்பாகிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் விலை இங்கே இரண்டாம் பட்சமான விஷயம். உத்தரவாதக் காலம் கழிந்து, ஒருநாள் காலை பொத்தானை அழுத்தியும் திரை இருண்டே கிடக்கும் அந்த நான்காம் ஆண்டில், பெட்டியைத் திறந்து என்ன நேர்ந்ததென்று பார்க்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாராவது இருப்பார்களா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

விலை வாதத்தின் வேர் எங்கே இருக்கிறதென்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. தொண்ணூறுகளில், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் நெரிசலான கடைகளில், மதர்போர்டை ஒரு கடையிலும் ராமை ஒரு கடையிலும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியை வேறொரு கடையிலுமாகப் பேரம் பேசி வாங்கி, கடைசிக் கடைக்காரரையே கேபினெட்டுக்குள் பூட்டித் தரச்செய்து, ஆட்டோவில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுசென்ற தலைமுறையே இன்று எடிசனில் பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கிறது. அன்று கம்பெனிப் பெயர் பொறித்த ‘பிராண்டட்’ கணினி மத்தியதர வர்க்கத்தின் கைக்கு எட்டாத வஸ்து. ஆதலால் ‘அசெம்பிள்’ செய்தது விருப்பத்தினால் நேர்ந்ததன்று, வருமானத்தின் எல்லையினால் நேர்ந்தது. பூட்டினால் மலிவு என்ற நம்பிக்கை அப்படித்தான் மனத்தில் ஊன்றிக் கடல் கடந்தும் வந்திருக்கிறது.

அந்த நம்பிக்கை இன்று செல்லுபடியாகாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஏறக்குறைய ஈராண்டுக் காலம், நோய்த்தொற்றினால் உற்பத்தியும் போக்குவரத்தும் தடைப்பட்டதோடு, எதீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டுவோர் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கண்ட இடத்திலெல்லாம் வாங்கிக் குவித்ததும் சேர்ந்து, தனிக் கார்டு ஒன்றை நியாய விலைக்குப் பெறவேண்டுமானால் அது பூட்டப்பட்ட முழுக் கணினியையே வாங்குவதுதான் வழி என்ற விசித்திர நிலையை உண்டாக்கின. 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டதோடு அந்த நெருக்கடி தீர்ந்தது. ஆனால் 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு வேண்டிய நினைவகச் சில்லுகளின் பக்கம் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய ஸ்தாபனங்களும் தங்கள் உற்பத்தியைத் திருப்பியதனால், கடையில் விற்கும் ராமின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்காயும் மூன்று மடங்காயும் ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. லட்சக்கணக்கான கணினிகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனம் இத்தகைய அதிர்ச்சியைத் தாமதித்தே உணர்கிறது. ஒற்றைக் கணினிக்குப் பாகம் வாங்குபவரோ அன்றைய விலையை அன்றே கொடுத்தாக வேண்டும். விண்டோஸ் உரிமம் வேறு தனியாக 139 டாலர் ஆகிறது. ஆகவே மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பூட்ட முனைகிறவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார்.

ஆயத்தக் கணினியை வாங்குவதே உத்தமமான குடும்பங்கள் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்பவர் தம் ஜீவனத்துக்கு ஆதாரமான யந்திரத்தைச் சோதனைப் பொருளாக்க வேண்டியதில்லை. கடிதமும் கணக்கும் தவிர வேறு தேவையில்லாத முதியவருக்கும் அதுவே சௌகரியம். பாகம் பாகமாக வாங்கியவருக்கும் உத்தரவாதம் இல்லாமற் போவதில்லை. ப்ராசசருக்குப் பொதுவாக மூன்றாண்டு, தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஐந்து முதல் பத்தாண்டு, ராமுக்குப் பல கம்பெனிகளில் ஆயுட்காலம் முழுவதும் என்று, ஓராண்டோடு முடியும் ஆயத்தக் கணினிகளின் உத்தரவாதத்தைக் காட்டிலும் அவை நீண்டவையே. ஆனால் எந்தப் பாகம் பழுதென்று நிதானிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. அந்தப் பொறுப்பை ஏற்க நேரமோ மனமோ இல்லாதவர், ஒரே தொலைபேசி எண்ணுக்குரிய நிம்மதியை விலை கொடுத்து வாங்குவதில் தவறு ஒன்றுமில்லை.

எனினும் ஆயத்தக் கணினிகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. இந்த இடத்தில்தான் வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு ஏமாறுகிறார்கள். 1995-இல் இன்டெல் வகுத்தளித்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை உலகம் ஒப்புக்கொண்டதனால்தான், தைவானில் ஒரு கம்பெனி செய்த மதர்போர்டு வேறொரு கம்பெனியின் கேபினெட்டில் திருகுத் துளைக்குத் துளை பொருந்துகிறது, எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 ஊசி இணைப்பும் எந்தப் போர்டிலும் அமர்கிறது. தனி மனிதன் தன் வீட்டு மேஜையில் கணினி பூட்டுவதைச் சாத்தியமாக்கியது இந்தப் பொது ஒழுங்கே. பெரிய நிறுவனங்கள் சில, தங்கள் பெட்டிகளில் இவ்வொழுங்கைக் கைவிட்டுத் தமக்கென்று பிரத்தியேகமான வடிவத்தையும் இணைப்புகளையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கெட்டுப்போனால், கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது; அந்நிறுவனத்தின் பாகம் கிடைக்காதபோது, நல்ல நிலையிலுள்ள ப்ராசசரும் ராமும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. இதனை நான் அநியாயம் என்றே சொல்வேன். வாங்கியவரின் பணத்துக்கு மட்டுமன்று, பூமியிலிருந்து தோண்டி எடுத்த தாதுக்களுக்கும் அவற்றை உருவாக்கிய மனித உழைப்புக்கும் செய்யும் அநியாயம் அது.

பெட்டியைத் திறந்தாலே உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்ற அச்சமும் நம்மவரிடையே பரவலாக உண்டு. இந்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் சட்டம், குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தையோ பழுது பார்ப்பவரையோதான் நாடவேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவாதத்தைப் பிணைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது; முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் இல்லை என்று எழுதிவந்த ஆறு கம்பெனிகளுக்கு 2018 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. திறந்து ராம் சேர்ப்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

பொது ஒழுங்கைப் பின்பற்றிய யந்திரம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2017-இல் ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம். 4 வகை மதர்போர்டில் முதல் ரைசன் ப்ராசசரைப் பூட்டிய ஒருவர், அந்த வகையைச் சேர்ந்த பல போர்டுகளில் பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, 2022-இல் வெளிவந்த ப்ராசசரை அதே இடத்தில் பொருத்த முடிந்தது. போர்டு, கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். எதுவும் மாறவில்லை. ப்ராசசரைப் பிடித்திருக்கும் பூட்டைத் திறந்து, பழையதைத் தூக்கி, மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்துப் புதியதை அமர்த்தி, வெப்பக் களிம்பைத் தடவி மூடுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வீட்டில் இருந்தால் புதுக் கணினிக்குரிய செலவு மிச்சம்.

பள்ளிப் பிள்ளைக்கு இவ்வளவும் இயலுமா என்று எடிசனில் குடியிருப்பவர் கேட்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ராரிட்டன் டவுன்ஷிப் என்றிருந்த பழைய பெயரை நீக்கி 1954-இல் இவ்வூர் எந்த மனிதரின் பெயரைச் சூட்டிக்கொண்டதோ, அவர் இவ்வூரின் மென்லோ பார்க்கில் 1876-இல் நிறுவிய ஆராய்ச்சிச் சாலையில் விளக்குகளோடு போராடிக்கொண்டிருந்தபோது, சூடேறிய இழையிலிருந்து வெற்றிடத்தைக் கடந்து மின்சாரம் பாய்வதைக் கண்டார். அதைக் கொண்டு பெரிதாக எதுவும் செய்துகொள்ளாமல் 1884-இல் ஒரு காப்புரிமையோடு விட்டுவிட்டார். இருபதாண்டு கழித்து இங்கிலாந்தில் பிளெமிங் அதே தத்துவத்தைக் கொண்டு வால்வைச் சமைத்தார். ஏறக்குறைய 18,000 வால்வுகளோடு 1946-இல் பிலடெல்பியாவில் எனியாக் கணினி இயங்கிற்று. மறு ஆண்டு டிசம்பரில், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள மரே ஹில்லின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது.

அந்த மேதைகளின் கதையைக் காட்டிலும் 1976-ஆம் ஆண்டின் கதையே நம் விவாதத்துக்கு நெருங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆல்டேர் என்ற சிறு கணினி சந்தைக்கு வந்தபோது, பாகங்களாக வாங்கினால் ஒரு விலை, பூட்டியதாக வாங்கினால் அதனினும் கூடுதலான விலை என்று இரு விதமாகவும் விற்கப்பட்டது. ஆக, இன்று நம் வீட்டில் நடக்கும் வாதம் சொந்தக் கணினி தோன்றிய நாளிலேயே தோன்றியதுதான். பாகங்களை வாங்கிப் பூட்டியவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் பொருட்டு நியூ ஜெர்சியில் 1975-இல் ஒரு சங்கம் கூடியது. அதன் ஸ்தாபகர் சோல் லைப்ஸ் என்ற ஆசிரியரும் பேராசிரியர் ஆலன் கட்ஸும் சேர்ந்து, 1976-இல் டிரென்டன் மாநிலக் கல்லூரியில் கணினித் திருவிழா ஒன்றை நடத்தினர். ஆண்டுதோறும் தொடர்ந்த அவ்விழாவின் திறந்தவெளிச் சந்தையில் பழைய போர்டுகளும் மின்மாற்றிகளும் கைமாறின. அதே ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வேறொரு கண்காட்சிக்கு ஜாப்ஸ், வோஸ்னியாக் என்ற இரு இளைஞர்கள் கலிபோர்னியாவிலிருந்து வந்து, ஆப்பிள் 1 என்ற தங்கள் போர்டைக் காட்சிக்கு வைத்தார்கள். அதன் விலை 666 டாலர் 66 சென்ட். கேபினெட், விசைப்பலகை, மின்மாற்றி எல்லாவற்றையும் வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும். அன்று பூட்டியவர்களுக்கிருந்த இடையூறுகளில் பத்தில் ஒரு பங்கும் இன்றைய பிள்ளைக்கு இல்லை. பற்றவைக்கும் வேலை கிடையாது. ஒவ்வோர் இணைப்பும் தவறான இடத்தில் எளிதில் நுழையாதபடி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பிற்பகலும் போதும்.

இதனால் பிள்ளை பொறியாளன் ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. பாகங்களைப் பூட்டுவது சாஸ்திர ஞானமும் அன்று. கையேட்டைப் பொறுமையாய்ப் படிப்பதும், வாங்கும் முன் ஒன்றோடொன்று பொருந்துமா என்று ஆராய்வதும், முதன்முறை திரை இருண்டு கிடந்தால் பதறாமல் ராமை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டிக் காரணத்தை ஒடுக்கிக்கொண்டு வருவதும் அவனுக்கு வசமாகும். விளையாட்டுக்காகத்தானே கேட்கிறான் என்று ஆட்சேபிக்கும் பெற்றோருக்கு என் விடை இது: விளையாட்டை ஆயத்தக் கணினியிலும் ஆடத்தான் போகிறான், செலவுக்கு ஒரு வரம்பை நிர்ணயித்துவிட்டு, அவ்வரம்புக்குள் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று யோசிக்கும் பாரத்தை அவனிடமே விடுங்கள்.

இந்த இடத்தில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அவன்’ என்றே எழுதிக்கொண்டு வந்தேன். நம் வீடுகளில் நடப்பதும் அதுவே. பையன் கேட்டால் மதர்போர்டும் ஸ்க்ரூடிரைவரும் வருகின்றன. பெண்ணுக்கோ, கேட்கும் முன்பே மெல்லிய லேப்டாப் ஒன்று பிறந்தநாள் பரிசாக வந்துவிடுகிறது. தாயும் தகப்பனும் இருவருமே கணினித் துறையில் சம்பாதிக்கும் குடும்பங்களிலும் இந்த வித்தியாசத்தைக் காண்கிறேன். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. ஆயினும், பெட்டியின் உள்ளே இருப்பது உன் விஷயமன்று என்ற செய்தி அந்தச் சிறுமிக்கு வார்த்தையின்றியே போய்ச் சேர்கிறது. தம்பி பூட்டும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கும் வேலையை அக்காளுக்குக் கொடுக்காமல், ப்ராசசரை அமர்த்தும் வேலையை அவளிடம் கொடுக்க வேண்டும்.

பாகங்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. நியூஎக் கம்பெனியின் கிடங்கு எடிசனிலேயே இயங்கியதனால், கிழக்குக் கரையில் பாகம் வாங்கிய பலருக்கு இவ்வூரின் பெயர் பொட்டலத்தின்மேல் அச்சாகிப் பழக்கமாயிற்று. கையில் தொட்டுப் பார்த்து வாங்க விரும்புவோருக்குப் பேட்டர்சனில் மைக்ரோ சென்டர் இருக்கிறது. ஜனவரியில் பூட்டுபவர் மட்டும் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ள வேண்டும்: ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் கம்பளத்தின்மேல் நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று பாய்கிறதே, அந்த நிலைமின்சாரம் ராமைக் கெடுக்கவல்லது. மரத்தரையில் நின்று, கேபினெட்டின் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்தால் போதுமானது.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவை நிறுத்திக்கொண்டபின், பதினொன்றாம் பதிப்பை ஏற்காத பழைய மேஜைக் கணினிகள் இவ்வூர் வீடுகளின் பேஸ்மென்டுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. 2011 ஜனவரி முதல் நியூ ஜெர்சியில் அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடுவது சட்டவிரோதமும் ஆகும். அப்படி ஒரு பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, முழுவதும் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதவைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டி, லினக்ஸை நிறுவி மறுபடி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இயங்காமற் போனால் அதை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. இயங்கிவிட்டால், புதிய கணினிக்குரிய பாகப் பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும், பெற்றோர் சனிக்கிழமை காலை பார்க்வேயில் வடக்கே பேட்டர்சனுக்குக் காரை எடுக்கலாம்.