பட்டா இல்லாதவன் அடித்தால் அது மாஸ் இல்லையா?

ரஜினிகாந்த் நடிக்க வந்து 50 ஆண்டுகள் ஆனதையும் 'கூலி' வெளியானதையும் ஒட்டி 2025 ஆகஸ்டில் தொடங்கிய பட்டியல் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. ரஜினியின் தலைசிறந்த 10 ஆக்‌ஷன் படங்கள், மறக்க முடியாத 15 சண்டைகள், மாஸ் என்றால் இதுதான் என்று யூடியூப் சானல்களில் தொடங்கி உத்திரமேரூர் பேருந்து நிலையத்து டீக்கடை வரைக்கும் ஆளுக்கொரு பட்டியல். வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பாட்ஷா, படையப்பா, அண்ணாமலை, முத்து, தளபதி, அருணாசலம் என்று போகும். 'எஜமான்' கூட எப்படியோ உள்ளே நுழைந்துவிடும். 'காலா' பெரும்பாலும் இருக்காது. இருந்தால் கடைசியில், ஓர் 'ஆனால்' ஒட்டப்பட்டு நிற்கும். நல்ல படம்தான், ஆனால் சாதி பேசுகிறது. நல்ல சண்டைதான், ஆனால் அரசியல் அதிகம்.

இதை வெறும் ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. 'முத்து' சாதி பேசவில்லை, 'காலா' சாதி பேசுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் 'முத்து'வைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அது தொடக்கம் முதல் முடிவு வரை சாதிப் படம். அதிலுள்ள சாதி நம் வீட்டுச் சுவரின் நிறம்போலப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கதையை நினைத்துப் பாருங்கள். 1995 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தில் ரஜினி ஜமீன் வீட்டு வேலைக்காரர். குதிரைவண்டி ஓட்டுவார், சாட்டையைச் சுழற்றினால் பத்துப் பேர் பறப்பார்கள். ஒரு வேலைக்காரனுக்கு இத்தனை வீரமும் இத்தனை கம்பீரமும் எங்கிருந்து வந்தன? படம் நமக்குப் பிற்பாதியில் பதில் சொல்கிறது: அவன்தான் உண்மையான ஜமீன்தாரின் மகன். 'அருணாசல'த்தில் (1997) அநாதை என்று வீட்டைவிட்டு வெளியேறுபவன் கோடீஸ்வரரின் வாரிசு. 'தளபதி'யில் (1991) குப்பத்தில் வளர்ந்தவனைப் பெற்றவள், மாவட்ட ஆட்சியரைப் பெற்ற அதே தாய். 'படையப்பா'வில் (1999) சொத்தையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறினாலும் மிச்சமிருக்கும் நிலத்தில் கிரானைட் கிடைக்கிறது. அடி விழுவது உழைக்கிறவனின் கையிலிருந்து. ஆனால் அந்தக் கைக்குப் பிறப்புச் சான்றிதழும் பட்டாவும் இருக்கின்றனவா என்று திரைக்கதை தேடிக்கொண்டே இருக்கிறது, கண்டுபிடித்தும் கொடுத்துவிடுகிறது. 'எஜமான்' (1993) இந்தச் சுற்றுவழியில்கூடப் போகவில்லை. அதற்குத் தலைப்பே போதுமாக இருந்தது.

ரஜினியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 'சின்னக் கவுண்ட'ரும் 'தேவர் மக'னும் 1992, 'நாட்டாமை' 1994. தமிழ் சினிமா பண்ணை வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத காலம் அது. 'தேவர் மக'னில் கோயில் பூட்டு விவகாரத்தில் கையைப் பறிகொடுப்பவன் இசக்கி. வடிவேலு நடித்த அந்த வெட்டுப்பட்ட கை எந்த ஆக்‌ஷன் பட்டியலிலும் ஏறியதில்லை. 2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை எதிரே வைத்துக்கொண்டு, அந்தப் படம் தனக்குள் ஏற்படுத்திய பாதிப்பை மாரி செல்வராஜ் சொன்னார். அதற்கு அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஒரு 'கிளாசிக்' மேல் கை வைத்துவிட்டாராம்.

பட்டியல் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஆயிரம் ஆண்டு அனுபவம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும் வெட்டப்பட்டவை. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்பவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வந்து, உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர் என்று காட்டுகிறார்கள். 30 குடும்புகள், குடும்புக்கு ஒருவர். குடத்தில் ஓலைகளைப் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த விதத்தில் கள்ளமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடத்துக்குள் எந்த ஓலை போகலாம்? வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு நில அளவில் சலுகைகூட உண்டு, அரைக்கால் வேலி போதும். இது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பார்ப்பனர்களுக்குள் பார்ப்பனர்கள் நடத்திய தேர்தல். அந்த வேலிக்கணக்கான நிலத்தில் சேற்றில் நின்றவர்களின் ஓலை குடத்தின் பக்கமே வந்ததில்லை.

'ரசிகர்கள் தேர்ந்தெடுத்த பத்து' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடம்தான் நினைவுக்கு வருகிறது. வாக்களிப்பு நியாயமாகத்தான் நடக்கிறது. கதாநாயகனாக யார் வரலாம், யார் அடித்தால் கைதட்டலாம் என்பது அதற்கு வெகு முன்னாலேயே முடிவாகிவிட்டது.

நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். இன்று அது யார் யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களை எத்தனை முறை நடக்கவிடுகிறார்கள் என்று தெரியும். அந்த நிலத்தை மீட்கப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் மக்கள் இறங்கினார்கள். மீட்ட நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதற்கு எதிராக 10.10.1994 அன்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தின் முன் கூடியவர்கள்மீது துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

மூன்று மாதம் கழித்து, 1995 பொங்கலுக்கு 'பாட்ஷா' வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு 'முத்து'. நிலம் கேட்டவர்கள் குண்டடிபட்டு ஓராண்டு ஆன நேரத்தில், தன் சொத்து முழுவதையும் உறவுக்காரனுக்கே தானம் செய்துவிட்டுத் துறவுபோகும் ஜமீன்தாரைப் பார்த்து நாமும் சேர்ந்து கண்ணீர் விட்டோம். நம் காலனியில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய ஓட்டிய மூன்று படங்களில் அது கட்டாயம் இருக்கும்.

'பாட்ஷா'வை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கப்படும் ஆட்டோக்காரன் மாணிக்கம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறானே, அந்தக் காட்சியில் மற்ற ரசிகர்கள் அடுத்து வரப்போகும் திருப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அங்கே வேறொன்றும் தெரியும். கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பது இந்த மாநிலத்தில் யாருக்கு நடக்கும் என்று நாம் யாரும் சொல்லிக்கொடுத்து அறியத் தேவையில்லை. இன்னொன்று, திருப்பி அடிக்கும்போது மாணிக்கத்துக்கு ஜமீன் ரத்தம் எதுவும் வெளிப்படுவதில்லை. அவன் சூடியிருந்த பெயர், கொல்லப்பட்ட இசுலாமிய நண்பனுடையது. முதலிடம் கொடுக்கும் பட்டியல்காரர்களில் எத்தனை பேருக்கு இது உறைத்திருக்கும்? நண்பன் அன்வரின் பெயரைத்தான் தமிழ்நாடு முப்பது ஆண்டுகளாக விசிலடித்துக் கொண்டாடுகிறது.

இப்போது 'காலா'வுக்கு வருகிறேன். 2018 ஜூனில் வந்த படம். தாராவி. கரிகாலனிடம் பட்டா இல்லை, பின்பாதியில் கிடைப்பதும் இல்லை. அவன் யாருக்கும் மறைந்திருந்த வாரிசு இல்லை. வீட்டுக்கு வரும் ஹரி தாதா கொடுத்த தண்ணீரைக் குடிப்பதில்லை. ஒரு டம்ளரை வைத்து எடுக்கப்பட்ட அந்த மோதலுக்குப் பக்கத்தில் பத்துக் கார்கள் பறக்கும் காட்சிகள் நிற்காது. மழையில் மேம்பாலத்தின் மேல் குடையை ஆயுதமாக்கும் சண்டையும் இருக்கிறது, பட்டியல்காரர்கள் கேட்கும் 'மாஸ்' அதில் தாராளம். ஆனால் படத்தின் பெரிய அடி எது? தாராவிக்காரர்கள் வேலைக்குப் போகாமல் நிற்பது. அவர்கள் நின்றதும் மும்பை நிற்கிறது. கடைசியில் வில்லனை முடிப்பதும் கூட்டம்தான், கதாநாயகன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெளிவில்லை. சூப்பர் ஸ்டார் படத்தில் சூப்பர் ஸ்டார் தேவைப்படாத இறுதிச் சண்டை! இதை ஆக்‌ஷன் இல்லை என்கிறார்கள்.

எங்கள் காலனித் தம்பி ஒருவனே அப்படித்தான் சொன்னான். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை, விடியற்காலை கம்பெனி பஸ் ஏறுகிறவன். "அது மெசேஜ் படம்ணா. மாஸ் கிடையாது" என்றான். 2024 செப்டம்பரில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் சங்கம் கேட்டுத் தொழிலாளர்கள் 37 நாள் வேலையை நிறுத்தினார்களே, அது என்ன என்று கேட்டேன். "அது வேறண்ணா" என்றான். வேறுதான். அங்கே பின்னணி இசை இல்லை. அவன்மீது எனக்குக் கோபமில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதும் ஓர் அடிதான் என்று அவனுக்குக் காட்டிய சினிமா எத்தனை? ஐம்பது ஆண்டில் ஒன்றோ இரண்டோ. அதையும் அவன் தலைவரே வெளியில் வந்து மறுத்துவிட்டார். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராக நின்றவர்களில் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அங்கே போய்வந்த ரஜினி, எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். எட்டாவது நாள் 'காலா' வெளியானது. திரையில் நிலத்துக்காகப் போராடச் சொன்ன உருவத்தை அந்த நடிகரே முந்திக்கொண்டு அடித்துவிட்டார். ஆகவே நான் வரிசைப்படுத்துவது படங்களை மட்டும். மனிதருக்கு மதிப்பெண் போடும் வேலை எனக்கு இல்லை.

என் வரிசை இது. 'காலா' முதலில். அடுத்து 'பாட்ஷா'. மூன்றாவது 'அண்ணாமலை', ஆனால் இடைவேளை வரைக்கும் மட்டும். பால்காரனின் வீடு ஓட்டல் கட்டுவதற்காக இடிக்கப்படும் இடத்தில் படம் நம்முடையது. அதற்குப் பதிலாக அவனே பெரிய ஓட்டல் முதலாளியாகும்போது அது வேறு யாருடைய கனவோ. நான்காவது 'கபாலி'. சிறைக்குள் ஒய்.பி. சத்யநாராயணாவின் 'மை ஃபாதர் பாலய்யா'வைக் கையில் வைத்திருக்கும் கதாநாயகனை வேறெந்தத் தமிழ் ஆக்‌ஷன் படம் காட்டியது? கோட்டு போடுவதையே ஒரு மோதலாக்கிய படம். இரண்டாம் பாதி இழுவை என்பதை மறுக்க மாட்டேன். ஐந்தாவதாக 1980இல் வந்த 'முரட்டுக்காளை', அதன் ரயில் சண்டைக்காக மட்டும். கதையில் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சண்டையை அமைத்தவர் 2023 ஜனவரியில் மறைந்த ஜூடோ ரத்தினம். 'முத்து' என் வரிசையில் இல்லை. 'எஜமா'னைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ரத்தினத்தின் பெயரையாவது சிலர் சொல்கிறார்கள். அவர் அமைத்த சண்டைகளில் விழுந்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அடிப்பவனை வரிசைப்படுத்துகிறோம். ஓடும் வண்டியிலிருந்தும் மாடியிலிருந்தும் விழுகிறவன், கதாநாயகனுக்குப் பதில் அடிபடுகிறவன், நம் வரிசையிலும் வருவதில்லை. இந்தியாவில் சண்டைப் பயிற்சிக்குத் தேசிய விருது வந்ததே 2017இல்தான். ஆஸ்கர் இன்னும் தாமதம், 2028 விழாவில்தான் தொடங்கப்போகிறார்கள்.

இதை அடுத்தவர் வீட்டுப் பிரச்சினையாகப் பேசிவிட்டுப் போக முடியாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சி ஒன்றைப் படமாக்கியபோது சண்டைக் கலைஞர் ராஜு உயிரிழந்தார். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர் என்று செய்திகள் சொல்லின. படம் 'வேட்டுவம்'. இயக்குநர், 'காலா'வையும் 'கபாலி'யையும் எடுத்த நம் தோழர் பா. ரஞ்சித். அவர் உள்ளிட்ட சிலர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது, அவர் தரப்பு வருத்தமும் தெரிவித்தது. சட்டம் தன் வேலையைப் பார்க்கட்டும். நம் இணையதளங்களும் நம் அமைப்புகளும் அந்த வாரம் இரங்கல் சொல்லிவிட்டு அமைதியானது எனக்கு உறுத்துகிறது. இதே விபத்து ஒரு பண்ணையார் படத்தில் நடந்திருந்தால் எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! அந்தப் படப்பிடிப்பில் என்ன பாதுகாப்பு இருந்தது, காப்பீடு இருந்ததா, அந்தக் கார்க் காட்சி படத்தில் இருக்குமா, இருந்தால் யார் பெயரோடு இருக்கும்? எதிர்முகாம் கேலியாகக் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. 'காலா'வுக்கு முதலிடம் கொடுத்தவன் என்ற உரிமையில் நான் கேட்கிறேன்.