நன்னூலின் பாடங்கேட்டல் மரபும் இணையவழிக் கல்வியும்

இணையவழிக் கல்வியைத் தமிழ்க் கல்வி மரபுக்கு அயலானதாகக் கருதும் போக்கு இன்றும் உண்டு. பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரத்தோடு வைத்து நோக்கின் அக்கருத்து நிலைபெறாது. ஒருமுறை கேட்ட பாடத்தை மறுமுறையும் கேட்பவனுக்குப் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து உரைப்பான் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கணக்கு.

இக்கணக்கைக் கீழ்வேளூர் வட்டத்தின் சூழலில் பொருத்திப் பார்த்தல் தகும். நாகப்பட்டினத்திற்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட அவ்வட்டம் நெல் விளையும் கடைமடைப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல்லூரி வகுப்புகள் தடைப்படுகின்றன. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை உழவர் குடும்பத்துப் பிள்ளைகளை வயலுக்கு அழைக்கிறது. அவ்வேளையில் நடந்து முடிந்த யாப்புப் பாடம் அவர்களுக்கு மீண்டும் வாய்ப்பதில்லை. அப்பாடம் ஒலிப்பதிவாகக் கிடைப்பின் அவர்களும் மும்முறை கேட்டல் கூடும்.

இதற்கான அடித்தளம் புதிதன்று. 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பாடங்களையும் நூல்களையும் வழங்கிவருகிறது. ஒரு பருவத்தின் பாடங்களுள் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' தளத்தின்வழிப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடந்தருகின்றன. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் 2 ஜிபி இணையத் தரவைத் தமிழக அரசு விலையின்றி அளித்தது. எனினும் தரவும் காணொலியும் ஆசிரியர்வழிப் பெறும் காற்பங்கையே கொண்டுசேர்க்கும். எஞ்சிய முக்காற்பங்கு கலந்துரையாடலிலும் எடுத்துரைத்தலிலும் விளைவது.

ஆகவே, கலப்புமுறைக் கற்றலைத் தமிழ்த்துறைகள் தம் மரபிற்கேற்ப வடிவமைத்தல் வேண்டும். விளக்கவுரை, சிறிய ஒலிக்கோப்பாக இருத்தல் நன்று. 2018 கஜா புயலில் நாகை மாவட்டம் மின்சாரமின்றித் தவித்ததை நினைவிற்கொண்டால், கல்லூரியிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வகையில் அஃது அமைதல் இன்றியமையாதது. வகுப்பு நேரம், அசை பிரித்தலுக்கும் உரைவேறுபாடுகளை ஆராய்வதற்கும் உரியதாக வேண்டும். மாணவர் பிறர்க்குப் பாடஞ்சொல்லும் திறனுக்கு அகமதிப்பீட்டில் பாதி மதிப்பெண் அளிப்பதே நன்னூற் கணக்கிற்கு ஒத்ததாகும்.

ஒலிப்பதிவு இருக்கிறது என்பதைக் காரணங்காட்டி ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாது விடுதல் இம்முறையின் நோக்கத்தையே சிதைக்கும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கூறும் சுமையிலிருந்து ஆசிரியரை விடுவித்து, ஐயங்கேட்கும் மாணவர்முன் அவரை அமர்த்துவதே அதன் பயன். அறுவடை முடிந்து வகுப்பிற்குத் திரும்பும் மாணவன் பின்தங்காமல் உரையாடலில் கலந்துகொள்ள இயலுமாயின், அக்கல்வி மரபு வழுவாதது எனலாம்.